மாப்பிள்ளை வாட்ச்

இந்த சீட்டுக்கு ஆள் வருதாம்மா? இல்லையா? ஸ்தோத்திரம். உன் பையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளிக்கோ, நான் இப்படி ஒண்டிக்கொள்கிறேன். திசையன்விளை வரைக்கும் போகணும். நீ? இட்டமொழியா? நல்லதாய்ப் போயிற்று. பேசிக்கொண்டே போனால் தூரம் தெரியாது.

நீ என் கையைப் பார்க்கிறது எனக்குத் தெரிகிறது. பாரு, பாரு, அதில் என்ன தப்பு? ஆம்பிளை வாட்ச்தான். என் மணிக்கட்டில் நிற்காமல் வழுக்குகிறது என்று கைக்குட்டையைச் சுற்றி அதன் மேல் கட்டியிருக்கிறேன். களவாண்டது இல்லை. என் மூத்த மாப்பிள்ளையுடைய வாட்ச். சுவிஸ் நாட்டில் செய்தது. விலையைக் கேட்காதே, பஸ்ஸில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

மணியா? பதினொன்று ஆகப் போகிறது. இதில் நொடிகூடத் தப்பாது. தப்பாது என்றால், ஓடினால் தப்பாது. ஓடுகிறதுதான் கஷ்டம். அந்தக் கதையைச் சொன்னால் நீ சிரிப்பாய். நான் சிரிக்கவில்லை, ஜெபித்தேன்.

எனக்கு இரண்டு பெண்மக்கள். மூத்தவள் பெர்சிஸ், கணக்கில் டிகிரி, வாத்தியார் படிப்பும் முடித்தவள். இளையவள் லீதியா. எங்கள் பக்கத்தில் பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளைக்கு மோதிரமும் வாட்ச்சும் போடுகிறது வழக்கம். வாட்ச்சை மாமனார் தன் கையால் கட்டிவிட வேண்டும். பெர்சிஸுக்கு திசையன்விளையில் அமைந்தது. மாப்பிள்ளை பெயர் ஆசீர். ஆதியிலிருந்தே வசதியான குடும்பம். பேச்சு முடிக்கிற அன்றைக்கு அவருடைய அம்மா பாக்கியமணி, நான் மைனி என்றுதான் கூப்பிடுவேன், என்ன சொன்னார்கள் தெரியுமா?

"நாங்க ஒண்ணுமே கேக்கல மைனி. ஒங்க பிள்ளைக்கு நீங்க செய்யப் போறீங்க. வாட்ச் மட்டும் பேட்டரி போட்டது வேண்டாம். அதெல்லாம் ஆபீசுக்கு ஓடுறவன் கட்டுறது. சுவிஸ்ல மிஷின் வாட்ச் இருக்காம்லா, தானா ஓடுமாம். அது போதும்."

ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள், பாத்துக்கோ. அதுதான் பெரிய இடத்துப் பெருந்தன்மை.

எங்கள் வீட்டுக்காரர் பெயர் துரைப்பழம். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கு நாக்கு கொஞ்சம் நீளம். "ஏளா, அந்த வாட்ச்சுக்குக் குடுக்கிறதுல ஒரு பழைய டிராக்டர் வாங்கிரலாம்" என்றார். "டிராக்டரைக் கையில் கட்ட முடியுமா?" என்றேன். போய் வாங்கிக்கொண்டு வந்தார்.

லீதியா விஷயம் வேறு. அவளாகவே பார்த்துக்கொண்டாள். சங்கரன்கோவிலில் பரோட்டா கடை வைத்திருக்கிற பையன். பெயர் இசக்கிமுத்து. அதற்கு மேல் நான் என்ன சொல்ல. ஆபீசில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம். நான் போகவில்லை, வீட்டில் முழங்காலில் நின்று ஜெபித்தேன். இவர் மட்டும் எனக்குத் தெரியாமல் போய், பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி வைத்திருப்பானே, அதில் ஒரு வாட்ச் வாங்கி அந்தப் பையன் கையில் கட்டிவிட்டு வந்திருக்கிறார். "அதுவும் மிஷின் வாட்ச்தான், தானா ஓடுறதுதான். ரெண்டு மருமகனுக்கும் ஒரே மாதிரி செஞ்சாச்சு" என்றார். ஒரே மாதிரியாம்! அது எந்த நாட்டில் செய்தது என்று அதன் முகத்தில்கூட எழுதியிருக்கவில்லை.

அது கிடக்கட்டும். ஆசீர் மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்லணும். அப்படி ஒரு சாந்தமான மனுஷனை நான் பார்த்ததே இல்லை. அப்பா வைத்துவிட்டுப் போன கடைகளின் வாடகை வருகிறது. அதைக்கூட வாங்கப் போகமாட்டார். கடை வைத்திருக்கிறவர்களே கொண்டு வந்து முன்னால் வைத்துவிட்டுப் போவார்கள். மாப்பிள்ளை தலையை அசைப்பார். கை நாற்காலிக் கைப்பிடியின் மேல் வைத்தது வைத்தபடி இருக்கும். டிவி ரிமோட் மடியிலேயே கிடந்தாலும் "பெர்சிஸ்" என்று ஒரு குரல் கொடுப்பார். அவள் அடுப்படியிலிருந்து வந்து அழுத்திவிட்டுப் போவாள். "ஏன், அவருக்கு விரல் இல்லையாமா?" என்று லீதியா கேட்டாள். சிறுபிள்ளை, அவளுக்கு என்ன தெரியும். கட்டினவளைப் பக்கத்தில் கூப்பிட்டுப் பார்த்துக்கொள்ள அது ஒரு சாக்கு.

எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் எத்தனை தாய்மார் அழுகிறார்கள் தெரியுமா, மருமகன் கையை ஓங்குகிறான், மருமகன் கையை நீட்டுகிறான் என்று. எனக்குக் கர்த்தர் கையையே தூக்காத மாப்பிள்ளையைக் கொடுத்தார். சாட்சியாகவே சொல்லியிருக்கிறேன்.

கல்யாணமாகி ஒரு மாதம்கூட இருக்காது. பெர்சிஸ் ஆட்டோவில் வந்து இறங்கினாள். கையில் ஒரு பெட்டி, அதற்குள் பூத்துவாலையில் சுற்றின வாட்ச். நின்றுபோய்விட்டது.

"எங்க மாமி இது ஓடுனதும் வரச் சொன்னாங்க" என்றாள்.

"யாரை? வாட்ச்சையா, உன்னையா?" என்று இவர் கேட்டார்.

"ரெண்டையும்தான்."

உடனே மைனி போன் பண்ணினார்கள். ஒரு கடுஞ்சொல் கிடையாது. "மைனி, நான் குறையே சொல்லல. ஒங்கள எவனோ ஏமாத்திப்புட்டான். டூப்ளிகேட்டத் தலையில கட்டிட்டான். ஏமாந்தவங்களத் திட்டக்கூடாது, பாவம். நல்லதா ஒண்ணு வாங்கிப் பிள்ளகிட்ட குடுத்து விடுங்க, அவசரமில்ல" என்றார்கள். அவசரமில்லை என்று சொன்னார்கள் பார்த்தாயா. புதுப்பெண்ணை அனுப்பிவிட்டு அவசரமில்லை என்று சொல்ல எவ்வளவு பொறுமை வேண்டும்.

இவர் கடைக்குப் போய்ச் சண்டை போடலாம் என்றார். நான் விடவில்லை. உபவாச ஜெபத்துக்கு வாட்ச்சைக் கொண்டு போனேன். வெள்ளைத் துணி விரித்து வேதப்புத்தகத்தின் மேல் வைத்தோம். ஐயரம்மாதான் முதலில் எடுத்தார்கள். போதகரை நாங்கள் ஐயர் என்போம்; எங்கள் சபை ஐயர் வீட்டு அம்மாவை நீ பார்க்கணும், ஜெபிக்க ஆரம்பித்தால் சும்மா நிற்க மாட்டார்கள். இரண்டு கையும் மேலே போகும், கீழே வரும். வாட்ச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி ஒரு குலுக்கு. அங்கிருந்து அடுத்தவர்கள் கைக்கு. அவர்கள் அழுது குலுக்கினார்கள். அதற்கடுத்தவர்களுக்குக் கொஞ்சம் பருத்த உடம்பு, முழு உடம்பும் குலுங்கியது. இப்படியே கைமாறிக் கைமாறி என் கைக்கு வரும்போது காதில் வைத்துப் பார்க்கிறேன், டிக் டிக் டிக் டிக்!

சத்தியமாகச் சொல்கிறேன்ம்மா, நான் அலறிவிட்டேன். எல்லோரும் ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்கிறார்கள். கூரை பிய்ந்துவிடும் போல.

வீட்டுக்கு வந்து சொன்னால் இவர், "அந்தக் குலுக்கு குலுக்கினா செத்த கோழியே எந்திரிச்சிருக்கும்" என்கிறார். அவிசுவாசம். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் எழுந்து நின்று சாட்சி சொன்னேன். பெர்சிஸும் வாட்ச்சும் திசையன்விளைக்குப் போனார்கள்.

ஒரு வாரத்தில் திரும்பி வந்தார்கள்.

நான் சாட்சி சொன்னதைக் கேட்டு எவளோ பொறாமைப்பட்டிருக்கிறாள் என்று நினைத்தேன். மறுபடி ஜெபம், மறுபடி ஓடியது, மறுபடி போனாள். அப்புறம் இதே வேலையாய்ப் போயிற்று. மாப்பிள்ளை கைக்குப் போனால் நிற்கும். எங்கள் சங்கத்துக்கு வந்தால் ஓடும். இந்த பஸ் கண்டக்டருக்கே அவளைத் தெரிந்துவிட்டது. "என்ன தாயி, நின்னுட்டா?" என்று கேட்கிற அளவுக்கு. அவளும் பாவம், பெட்டியைப் பிரிக்கிறதையே விட்டுவிட்டாள்.

இதில் எனக்கு வயிற்றெரிச்சல் எது என்றால், சங்கரன்கோவில் வாட்ச். அதற்கு மட்டும் ஒன்றும் வரவில்லை பாரு! மாவு பிசையும்போதும் கட்டியிருப்பான் அந்தப் பையன், இவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வார். எங்கள் வீட்டுக்கு வரும்போது, "கழத்தி வைக்கக் கூடாதா?" என்றால், "வச்சா மறந்துருவேன் அத்தை" என்பான். எண்ணெய், வியர்வை, மாவு எல்லாம் அதன் மேல்தான். பரோட்டாவை விசிறி அடிக்கும்போது வாட்ச்சும் சேர்ந்து ஒரு சுற்று சுற்றி வரும். உள்ளேயும் மாவு போயிருக்கும் என்று நினைக்கிறேன். ஓடுகிறது. நாளுக்கு ஒரு நிமிஷம் முன்னால் ஓடுகிறது, அவ்வளவுதான் குறை. அதைக் கேட்டால், "முன்னால ஓடுனா அடுப்ப முன்னால பத்த வைக்கலாம்லா" என்று சிரிப்பான். சுவிஸ் வாட்ச்சுக்கு அந்த அவசரப் புத்தி கிடையாது. நின்றாலும் நின்ற இடத்திலேயே, நொடி பிசகாமல் நிற்கும்.

அசனம் தெரியுமா உனக்கு? எங்கள் ஆலயத்தில் வருஷத்துக்கு ஒரு தரம் ஊருக்கே சோறு போடுவோம், எல்லோரும் ஒரே பந்தலில் உட்கார்ந்து. அந்த வருஷம் மைனியையும் மாப்பிள்ளையையும் அழைத்திருந்தேன். இசக்கிமுத்து தானாகவே வந்து சோறு வேகிற கிடாரத்துப் பக்கம் நின்றுகொண்டான், பெரிய கரண்டியைப் போட்டுக் கிண்டுகிறதற்கு. வேண்டாம் என்றா சொல்ல முடியும். "அந்த வாட்ச்சை மட்டும் கழற்றிச் சட்டைப் பையில் போடு, மைனி கண்ணில் பட வேண்டாம்" என்றேன். "ஏன் அத்தை?" "அது அப்படித்தான்." சரி என்று தலையாட்டினான். போட்டானோ இல்லையோ, சட்டையே போட்டிருக்கவில்லை அவன்.

ஐயர் ஜெபம் பண்ணி பந்தியை ஆரம்பித்து வைக்க வேண்டும். ஆலயத்துக் கடிகாரத்தை வெள்ளையடிக்கக் கழற்றியிருந்தார்கள். முன்வரிசையில் எங்கள் மாப்பிள்ளை. கையில் வெயில் பட்டு வாட்ச் மின்னுகிறது. ஐயர் மரியாதையாக அவரிடம் குனிந்து, "தம்பி, மணி என்ன ஆகுது?" என்றார்.

மாப்பிள்ளை கையைத் தூக்கவில்லை. பார்வையை மட்டும் இறக்கி, "நாலு பத்து" என்றார்.

சூரியன் உச்சியில் நிற்கிறது. ஐயர் மேலே பார்த்தார், வாட்ச்சைப் பார்த்தார். பெரிய இடத்துப் பிள்ளை சொன்னதை மறுக்கவும் முடியவில்லை. "நாலு பத்தா..." என்று இழுத்தார்.

கிடாரத்துப் பக்கமிருந்து, "பன்னெண்டேகால் ஐயா! சோறு பதமா இருக்கு, ஜெபத்த முடிச்சா எறக்கிரலாம்!" என்று இவன் கத்துகிறான்.

சின்னப் பிள்ளைகள் சிரித்தன. பெரியவர்கள் இலையைப் பார்த்துச் சிரித்தார்கள். எங்கள் வீட்டுக்காரர் வெளிப்படையாகவே சிரித்தார். மைனி முகம் சிவந்துபோயிற்று. "மைனி, அந்தச் சமையல்காரன் யாரு?" என்றார்கள். நான் என்ன சொல்ல. "நம்ம ஊர்ப் பையன்" என்றேன். அது பொய் இல்லை, பாதி உண்மை. லீதியா கேட்டுக்கொண்டு நின்றாள். அன்றைக்கு அவள் சாப்பிடாமலே போய்விட்டாள். அவளுக்கு அடிக்கடி தலைவலி வரும்.

அதற்குப் பிறகுதான் வாட்ச்சை வாங்கின கடைக்கே போவோம் என்று முடிவாயிற்று. மாப்பிள்ளை, மைனி, பெர்சிஸ், நான். உள்ளே போனால் மார்கழி மாதிரிக் குளிர். கோட்டுப் போட்ட ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும், வாட்ச்சை வாங்கி ஒரு கருவியில் வைத்தாள், முதுகைத் திறந்து பார்த்தாள், மறுபடி மூடினாள்.

"வாட்ச் ஒரிஜினல் மேடம். ரொம்ப ஆரோக்கியமா இருக்கு."

"அப்ப ஏன் நிக்கி?" என்றார்கள் மைனி.

அவள் மாப்பிள்ளை பக்கம் திரும்பினாள். "சார் என்ன பண்றீங்க?"

"வீட்ல இருக்கேன்."

"வீட்ல என்ன சார் பண்ணுவீங்க?"

மாப்பிள்ளைக்குக் கேள்வி விளங்கவில்லை. மைனிதான், "இருப்பான்" என்றார்கள்.

"வாக்கிங்... ஏதாவது விளையாட்டு..."

"அவன அப்படியெல்லாம் வளக்கல."

அந்தப் பெண் வாட்ச்சைத் திருப்பி முதுகைக் காட்டினாள். பிறகு சொன்னாள், எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. "இதுக்குள்ள அரைவட்டமா ஒரு தகடு இருக்கு சார். கை ஆடுனா அது சுத்தும். அது சுத்துனா ஸ்பிரிங் முறுக்கேறும். அதுலதான் ஓடுது. தானா ஓடும்னா சாவி குடுக்க வேண்டாம்னுதான் அர்த்தம். கையே வேண்டாம்னு இல்ல."

மாப்பிள்ளை யோசித்தார். "வெல கம்மியான வாட்ச்சுக்கும் இதேதானா?"

"ரெண்டுக்கும் சாப்பாடு ஒண்ணுதான் சார். இது நேரம் சுத்தமா காட்டும், நீடிச்சு உழைக்கும். ஆனா பட்டினி போட்டா ரெண்டும் நின்னுரும்."

"இவ்வளவு வெல குடுத்தும் எம் மகன்தான் உழைக்கணும்னா, அந்த வெல எதுக்கு?" என்றார்கள் மைனி. நியாயமான கேள்விதானே? எனக்கும் அப்படித்தான் பட்டது.

"காலையில இந்தத் திருகாணியக் கொஞ்ச நேரம் திருகினாப் போதும் மேடம்."

"சாவி குடுக்கிற வாட்ச்னா நாங்க அப்பவே வேண்டாம்னு சொல்லியிருப்பமே."

"அப்படின்னா ஆட்டுற பெட்டி இருக்கு. கரண்ட்ல ஓடும். வாட்ச்ச உள்ள வச்சிட்டா அதுவே ஆட்டிக் குடுத்துக்கிட்டு இருக்கும்" என்று ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள். தொட்டில் மாதிரி இருந்தது. அழகுதான்.

மைனி பெட்டியைப் பார்த்தார்கள். பெட்டியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். வாட்ச் பெண் வீட்டார் போட்டது, அப்போது வாட்ச்சுக்கு வீடும் பெண் வீட்டார்தானே. விலைச்சீட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஆண்டவரே, ஒரு வழியைக் காட்டும் என்று மனசுக்குள் கூப்பிட்டேன். கூப்பிட்ட மாத்திரத்தில் காட்டினார் பாரு!

"பெட்டி எதுக்கு மைனி? அதான் பெர்சிஸ் இருக்காளே!" என்றேன்.

அந்தக் கடைப் பெண் பெட்டியை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். படித்த பிள்ளைக்கு இது தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்திருக்கும். பெர்சிஸ் என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

அன்றையிலிருந்து வாட்ச் பெர்சிஸ் கையில். துணி துவைக்கும்போது மட்டும் கழற்றுவாள், தண்ணீர் பட்டுவிடக் கூடாதே. மற்றபடி தேங்காய் துருவுகிறது, வாசல் தெளிக்கிறது, ஒட்டடை அடிக்கிறது, மாமியார் காலுக்குத் தைலம் தேய்க்கிறது, எல்லாம் அந்த வாட்ச்சோடுதான். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் புறப்படும்போது முந்தானையால் துடைத்து மாப்பிள்ளைக்குக் கட்டிவிடுவாள். அவர் நாற்காலியில் இருந்தபடியே கையை வைத்துக்கொண்டிருப்பார். ஆலயம் விட்டு வந்ததும் திரும்ப இவள் கைக்கு. அப்புறம் ஒரு நாளும் நிற்கவில்லை. மைனிக்கு அவ்வளவு சந்தோஷம். "இப்பத்தான் வாட்ச் எம் மகன் கைக்குப் பழகியிருக்கு" என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொன்னார்கள். மாப்பிள்ளையும் ஒரு நாள், "நல்ல வாட்ச்" என்றார். அவர் வாயால் ஒரு நல்ல வார்த்தை வாங்குகிறது லேசு இல்லை.

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. பெர்சிஸ்தான் போனில் ஒரு மாதிரிப் பேச ஆரம்பித்தாள். "அம்மா, இந்த வாட்ச் கட்டினதுல இருந்து எனக்கு மணி தெரியுது" என்றாள். மணி தெரிகிறது நல்லதுதானே. இன்னொரு நாள், "அம்மா, இன்னைக்குப் பூரா அவர் கையைத் தூக்கினது சாப்பிடத்தான். அதுவும் வலது கை. வாட்ச் இடது கையில" என்று சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு நெடுநேரம் போயிற்று. சிரிக்கிறாளே, சந்தோஷமாக இருக்கிறாள் என்று நானும் சிரித்தேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாப்பிள்ளை வெள்ளைச் சட்டை போட்டுத் தயாராகிக் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இவள் வாட்ச்சைக் கழற்றவில்லை. முன்னால் வந்து நின்று அந்தக் கையையே பார்த்திருக்கிறாள். "இன்னைக்கு எனக்கு வேணும்" என்றாளாம். செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள். மாப்பிள்ளை எழுந்து தடுத்தாரா என்று கேட்டேன். "எந்திரிக்கிறதுக்குள்ள பஸ் போயிட்டு" என்றார்கள் மைனி.

நேரே சங்கரன்கோவில், தங்கச்சி வீட்டுக்கு.

மைனி ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை, அதுதான் குணம். "ரெண்டு நாள் தங்கச்சி கூட இருக்கட்டும் மைனி, பிள்ளைங்கதானே. வாட்ச் கையிலதான் இருக்கா? நிப்பாட்டிராம பாத்துக்கச் சொல்லுங்க." அப்புறம் ஒரு போன், வாட்ச்சில் கீறல் விழுந்துவிடக் கூடாது என்று. நேற்று ஒரு போன், அடுத்த வாரம் சொந்தத்தில் கல்யாணம், மாப்பிள்ளை வெறுங்கையோடு போக முடியாது என்று. அவர்கள் சங்கடம் அவர்களுக்கு.

நேற்று சங்கரன்கோவிலுக்குப் போனேன். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டு வாசலை நான் மிதித்ததில்லை. கடைக்குப் பின்னால்தான் வீடு. முன்னால் இவன் மாவை அடிக்கிற சத்தம். "வாங்க அத்தை" என்று மாவுக் கையோடு நாற்காலியை முழங்கையால் தள்ளிப் போடுகிறான். உள்ளே பெர்சிஸ் தரையில் புத்தகத்தைப் பரப்பி வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள். வாத்தியார் வேலைக்கு ஒரு பரீட்சை இருக்கிறதாம், ஆவணிக் கடைசியில். பணம் கட்டிவிட்டாளாம். எங்களிடம் யாரும் கேட்கவில்லை.

"புருஷன் வீட்டை விட்டு வந்து பரோட்டா கடையில் உட்கார்ந்து படிக்கிறதா? சபையில் நான் எந்த முகத்தோடு ஜெபிக்க?" என்று அழுதேன்.

"மதினி பாட்டுக்குப் படிக்கட்டும் அத்தை. வந்ததுலேருந்து நாங்க அவங்கள ஒரு தண்ணி எடுக்கச் சொல்லல. சத்தம் இருக்கும்னுதான் கொத்து பரோட்டாவ தெருப் பக்கமா மாத்தி வச்சிருக்கேன்" என்று அவன் வெளியிலிருந்து சொல்கிறான். எல்லாம் காதில் விழுகிறது அவனுக்கு.

பெர்சிஸ் வாட்ச்சைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள். "இதத்தான கேக்காங்க? கொண்டு போயிக் குடு. எம்மா, ஒண்ணு மட்டும் செய். போற வழியில யோசிச்சுப் பாரு. பெர்சிஸ் வேணும்னு அந்த வீட்ல யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எனக்கு போன் பண்ணு. அப்பவே புறப்பட்டு வந்துர்றேன்."

வழி நெடுக யோசித்துப் பார்த்தேன்ம்மா. மைனி சொன்னது, மாப்பிள்ளை சொன்னது, நிச்சயத்தன்றைக்குப் பேசினதிலிருந்து ஒவ்வொன்றாய். எனக்கு ஞாபகசக்தி குறைவு. ஒன்றும் வரவில்லை.

அதனால் வீட்டுக்கு வந்து மைனிக்கு போன் போட்டேன். "பெர்சிஸ் வர்ற வரைக்கும் நான் வந்து இருக்கேன் மைனி. கையில கட்டிக்கிட்டு நாலு வேலை பாத்தா வாட்ச் நிக்காது" என்றேன். "வாங்க மைனி, வாங்க, ஒங்க வீடு மாதிரி" என்று என்ன சந்தோஷம்! அந்தச் சந்தோஷத்தில் பெர்சிஸ் எப்போது வருவாள் என்று கேட்கவே மறந்துவிட்டார்கள்.

இந்தப் பையில் என்ன என்று நினைத்தாய்? மாற்றுச் சேலை நாலு, வேதப்புத்தகம், என் இடுப்புக்குப் போடுகிற பெல்ட்.

இவர் குதித்தார். "ஏளா, ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? சம்பந்தி வீட்டுக்குப் பாத்திரம் வெளக்கப் போறியா? ஒன் மானம் எங்க போச்சு?" என்று வாசல் வரைக்கும் கத்திக்கொண்டே வந்தார். சாப்பாட்டுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, சங்கரன்கோவிலுக்குப் போய்விடுவேன், என் மருமகன் போடுவான் என்கிறார். மருமகன் என்று வாய் நிறையச் சொல்கிறார். சொல்லிக்கொள்ளட்டும்.

அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. உனக்குச் சொல்கிறேன், நீ இறங்கிப் போகிறவள். அந்த வாட்ச் நின்றால்தான் அந்த வீட்டில் என் மகளைத் தேடுவார்கள். ஓடிக்கொண்டே இருந்தால் ஆவணி முடிகிற வரைக்கும் ஒருத்தருக்கும் அவள் ஞாபகம் வராது. ஓட்டிவிடுவேன். எனக்கு வேலை செய்கிறது ஒன்றும் புதிது இல்லை. மாப்பிள்ளையைக் குறை சொல்கிறேன் என்று நினைத்துவிடாதே, தங்கமான மனுஷன்.

அதோ, இட்டமொழி வந்துவிட்டது. பையை எடுத்துக்கோ. பார்த்து இறங்கு, படி உயரம். ஒன்றே ஒன்று கேட்கட்டுமா? சாமி கும்பிடும்போது, நீ எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரிதான், எனக்காக வேண்டாம். பெர்சிஸ் என்று ஒரு பிள்ளை, கணக்குப் பாடம் என்று ஒரு வார்த்தை சொல்லிவை.